தாம்பரம் ஸானடோரியமும் எங்கள் அத்தையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறிய நம் அங்கத்தினர்கள் எல்லோரும், குரோம்பேட்டை தாண்டியவுடன் வரும் ஒரு ஸ்டேஷனின் பெயரைப் படித்திருப்பீர்கள். 'தாம்பரம் ஸானடோரியம்'. இன்றைய இளைஞர்களுக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர். ஐ.டி. கம்பெனிகளுக்கும் ஏற்றுமதி வளாகத்திற்கும் இறங்குகிற இடம். எங்கள் தலைமுறைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். "தாம்பரத்துக்கு அனுப்பிட்டா" என்று ஒரு ஆத்தைப் பற்றிச் சொன்னால் மேற்கொண்டு யாரும் விவரம் கேட்க மாட்டார்கள். அந்த ஆத்தில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிப்பார்கள்.

அந்த ஸானடோரியம் முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்பதும், அதைத் தொடங்கியவருக்கும் நம் கணித மேதை ராமானுஜனுக்கும் பழக்கம் உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. எனக்கே நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் எங்கள் அத்தை. அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கிலாந்தில் படித்துப் பட்டம் பெற்று அங்கேயே தொழில் நடத்திய தமிழ்க் கிறிஸ்தவர். க்ஷயரோகத்தில் தேர்ந்தவர். தென்மேற்கு இங்கிலாந்தில் வெல்ஸ் என்னும் ஊருக்கு அருகில், மென்டிப் குன்றுகளில் அவருக்குச் சொந்தமாக ஒரு ஸானடோரியம் இருந்தது. வெள்ளைக்காரன் நம்மை ஆண்ட காலத்தில், அவன் ஊரிலேயே ஒரு தமிழர் வெள்ளைக்கார நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி வைத்து நடத்தினார் என்றால் சாதாரண விஷயமில்லை.

1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாஸா' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போனார். குடுமியை எடுத்து, கோட்டும் ஷூவும் மாட்டிக்கொண்டு, கடல் தாண்டும் சங்கடத்தோடு அவர் போன கதையை நாம் எல்லோரும் அறிவோம். அதே கப்பலில் டாக்டர் முத்துவும் இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அங்கேதான் பழக்கம். அப்போது ராமானுஜனுக்கு நோய் ஒன்றும் இல்லை.

1917-ல் நோய் வந்தது. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தார்கள். வயிற்றுப் புண் என்றார் ஒரு டாக்டர், ரத்தத்தில் விஷம் என்றார் இன்னொருவர், கடைசியில் க்ஷயம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த வருஷ இலையுதிர் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்த இடம், கப்பலில் பழக்கமான அதே டாக்டர் முத்துவின் மென்டிப் ஸானடோரியம். அங்கே வெகுநாள் இருக்கவில்லை. பிறகு டெர்பிஷயரில் மாட்லாக் என்ற இடத்தில் இன்னொரு ஸானடோரியத்தில் பல மாதங்கள் இருந்தார். அப்புறம் லண்டன், பட்னி. ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர் 1729 என்கிற கதை பட்னியில் நடந்தது. 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. சேத்துப்பட்டு என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

ராமானுஜனுக்கு வந்தது க்ஷயமே இல்லை, ஈரலில் அமீபா கிருமி பரவியதுதான் காரணம் என்று டி.ஏ.பி. யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் பார்த்து 1994-ல் எழுதினார். இளம் வயதில் ராமானுஜனுக்கு இரண்டு தடவை சீதபேதி வந்திருந்தது. அமீபா நோய்க்கு எமிட்டின் ஊசி நல்ல மருந்து என்று 1912-லேயே கல்கத்தாவில் லியனார்ட் ராஜர்ஸ் காட்டிவிட்டார். யங் சொன்னது சரியானால், மருந்து நம் தேசத்தில் இருந்தது, நோயாளி இங்கிலாந்துக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜன்னலைத் திறந்துவைப்பது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதுதான் ஸானடோரியம் வைத்தியமே. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனைக் கொல்ல ஆயுதம் கிடைக்க இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் டாக்டர்களிடம் இருந்தவை நல்ல காற்று, பூரண ஓய்வு, நிறைய ஆகாரம் என்ற மூன்றுதான். ஜெர்மனியில் பிரேமர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியிலேயே மலைக்காட்டில் இதை ஆரம்பித்துவைத்தார். பிறகு ஸ்விட்ஸர்லாந்து, அமெரிக்கா என்று பரவியது. நம் தேசத்தில் 1906-ல் ஆஜ்மீர் பக்கம் திலோனியாவில் மிஷனரிகள் ஒன்று கட்டினார்கள், பிறகு அல்மோராவில், மதனப்பள்ளியில். கமலா நேரு பவாலி ஸானடோரியத்தில் இருந்ததும், பிறகு 1936 பிப்ரவரியில் லோஸானில் காலமானதும் தெரிந்ததே. பணம் உள்ளவர்களுக்கும் இந்த வைத்தியம்தான், மலை மட்டும் உயரமான மலை.

டாக்டர் முத்து இந்த வைத்தியத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், அப்போது காடாகக் கிடந்த இடத்தில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில் தம் ஸானடோரியத்தை அமைத்தார். 1928 ஏப்ரலில் திறந்தார்கள். படுக்கைகள் பன்னிரண்டு. இருநூற்றைம்பது ஏக்கருக்குப் பன்னிரண்டு படுக்கை என்றால் இந்தக் காலத்து ஆஸ்பத்திரி நிர்வாகிகள் சிரிப்பார்கள். ஆனால் அவர் வைத்தியத்திற்கு மரமும் காற்றும்தான் மருந்து. மருந்துக் கிடங்கு பெரிதாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1930-ல் அவர் பாரத தேசத்து மருத்துவத்தின் தொன்மையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் வெளியிட்டார். இவ்வளவு வருஷம் இங்கிலாந்தில் இருந்தவருக்கு அந்த ஈடுபாடு இருந்தது.

தனியார் ஆஸ்பத்திரியாக அது ஒன்பது வருஷம்தான் நடந்தது. 1937-ல் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். பிரசவத்திற்கோ அறுவை சிகிச்சைக்கோ வருகிறவர் பத்து நாளில் பில்லைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். க்ஷயரோகி ஒரு வருஷம், இரண்டு வருஷம் படுக்க வேண்டும். படுத்த நாளிலிருந்து சம்பாத்தியம் நின்றுபோகும். கட்டணம் கொடுக்கக்கூடியவர்கள் மதனப்பள்ளிக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் போவார்கள், கொடுக்க முடியாதவர்கள்தான் ஊரெல்லாம். இந்த நோயைத் தனியார் கணக்கில் கட்டிப்பிடித்து நடத்தவே முடியாது. நான் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவன் என்பதால் அரசுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். என் துறையிலேயே எடுத்துக்கொண்ட வேலையை எப்படியெல்லாம் பாழாக்கினோம் என்று எழுதினால் இந்த இதழில் இடம் போதாது.

இனி எங்கள் கதை. என் தகப்பனார் பள்ளிவாசல் மின்சாரத் திட்டத்தில் வேலையாக இருந்தார். 1940-ல் ஓட ஆரம்பித்த அதுதான் இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பெயரில் ஏற்பட்ட சித்திரபுரத்தில் குவார்ட்டர்ஸ். நான் பிறந்தது 1950-ல். சுற்றிலும் தேயிலை, எப்போதும் மூடுபனி, கீழே குழாய்களில் தண்ணீர் இறங்கும் சத்தம். பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து உறவுக்காரர்கள் வருவதென்றால் ரயிலில் ஆலுவாயில் இறங்கி, கோதமங்கலம், அடிமாலி வழியாக நாள் முழுக்கப் பஸ்ஸில் வர வேண்டும். வருகிறவர்கள் குறைவு.

1960-ல் தாத்தா எங்கள் அத்தையை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அப்பாவின் கடைசித் தங்கை. இருபத்தோரு வயது, கல்யாணமாகி மூன்று வருஷம். இருமல் என்றும், மலைக்காற்று நல்லது என்றும் எங்களிடம் சொன்னார்கள். புகுந்த ஆத்தில் 'நல்லபடியாகத் தேறின பிறகு அனுப்பினால் போதும்' என்று சொல்லிவிட்டார்கள். தேறின பிறகும் அங்கிருந்து கடுதாசி வரவில்லை.

பின்கட்டில் விறகு போடும் அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்தார்கள். குளிர் ஆகாது என்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணி அடைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளர் பித்தளை, விளிம்பில் ஒரு நசுங்கல். பாட்டி அதைத் துணியால் பிடித்துத் தனியாகக் கொல்லையில் வைத்துத் தேய்ப்பாள். நானும் தம்பியும் வாசற்படி தாண்டக்கூடாது. நான் படிக்கிற பத்திரிகைகளை வாசலில் வைத்துவிட்டு ஓடுவேன். ஒரு நாள் அத்தை "ஏண்டா, ஒரு நிமிஷம் நில்லேன்" என்றாள். நான் நிற்கவில்லை. பத்து வயது. பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

பிற்பாடு நான் பாலக்காடு விக்டோரியா காலேஜில் பி.எஸ்ஸி. படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. க்ஷயம் தட்டிலும் டம்ளரிலும் தொற்றுவதில்லை. இருமும்போது தெறிக்கும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதந்து தொற்றுவது. காற்றோட்டம் இருந்தால் அவை கலைந்துபோகும். வெயிலில் கிருமி சாகும். ஆக, நாங்கள் பயந்த டம்ளரால் ஒரு கெடுதியும் இல்லை, அக்கறையோடு சாத்திவைத்த ஜன்னல்தான் கெடுதி. ஜன்னலைத் திற என்று சொன்ன மட்டில் டாக்டர் முத்து காலத்து வைத்தியம் எங்கள் ஆத்து வைத்தியத்தை விட எவ்வளவோ மேல்.

தாத்தாவின் திட்டம் ஒரு மாதம் பார்த்துவிட்டு அத்தையைத் தாம்பரத்துக்கு அனுப்புவது. அப்போது அது பெரிய அரசு ஆஸ்பத்திரி. சிபாரிசுக் கடுதாசிகூட வாங்கி வைத்திருந்தார். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. தாம்பரம் போனவர்கள் திரும்புவதில்லை என்பது அவள் எண்ணம். பழைய நாளில் அது பெரும்பாலும் உண்மைதானே. 1948 ஜூனில் இரண்டே வார இடைவெளியில் மலையாளத்து மகாகவி சங்ஙம்புழை திருச்சூரிலும், நம் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்திலும் க்ஷயத்துக்குப் போனார்கள். இருவருக்கும் நாற்பதைச் சுற்றி வயது. ஸ்ட்ரெப்டோமைஸின் 1943-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. நம்மவர்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை.

ஆலுவாயில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று அப்பா பிடிவாதமாக அழைத்துப் போனார். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தாம்பரமும் வேண்டாம், மதனப்பள்ளியும் வேண்டாம், ஆத்திலேயே வைத்து ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தால் போதும், சென்னையில் இப்போது அப்படித்தான் நிரூபித்திருக்கிறார்கள் என்றார். தாத்தா நம்பவில்லை. இவ்வளவு பெரிய நோய்க்கு மாத்திரையா என்று கேட்டார். அப்பா நம்பினார். ஐ.என்.எச். என்று சின்ன மாத்திரை, பி.ஏ.எஸ். என்று வாயைக் குமட்டும் மருந்து ஒரு நாளைக்கு அத்தனை. திட்டத்து டிஸ்பென்ஸரியில் இருந்த கம்பவுண்டர் முதலில் சில வாரம் ஆத்துக்கு வந்து ஊசி போட்டார். அத்தை ஒரு வேளைகூட விடவில்லை. பதினான்கு மாதத்தில் தேறிவிட்டாள்.

என் உத்தியோகம் மாநிலப் புள்ளிவிவரத் துறையில். 1998-ல் வேலையாகச் சென்னை போனபோது ஒரு நூலகத்தில் அந்த 'நிரூபணத்தை' நானே தேடிப் படித்தேன். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் பொறுப்பேற்று வந்தார். அது அமைந்த இடம் சேத்துப்பட்டு. ராமானுஜன் காலமான அதே சேத்துப்பட்டு.

சென்னை நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஸானடோரியத்தில் ஓய்வும் சத்துணவும் காற்றும் பெறுகிறவர்கள். மறு பாதி தங்கள் குடிசையிலேயே, நெரிசலில், அரைவயிற்றோடு, வேலைக்கும் போய்க்கொண்டு இருப்பவர்கள். மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்று, ஐ.என்.எச்.சும் பி.ஏ.எஸ்.சும், ஒரு வருஷம். புள்ளிவிவரத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் சொல்கிறேன், குலுக்கிப் பிரித்தார்களே, அங்கேதான் அதன் பெருமை. டாக்டர் தேர்ந்தெடுத்திருந்தால் தேறக்கூடியவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிட்டார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

1959-ல் முடிவை வெளியிட்டார்கள். வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. இந்தச் சின்ன வித்தியாசத்திற்காக ஒரு தேசம் முழுக்க ஸானடோரியம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்தால் குடும்பத்துக்குத் தொற்றிவிடுமே என்ற கேள்விக்கு அடுத்த ஐந்து வருஷம் குடும்பத்தாரையும் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு பிரிவுக் குடும்பங்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்ற வேண்டியது தொற்றியாகிவிடுகிறது, ஆரம்பித்த பின் தொற்றும் சக்தி சீக்கிரம் போய்விடுகிறது.

உலகம் முழுக்க ஸானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கியமான காரணம். ராமானுஜனைப் படுக்க வைத்திருந்த மென்டிப் ஸானடோரியமும் இன்று இல்லை. டாக்டர் முத்து ஆயுளைச் செலவழித்த வைத்திய முறையை, அவர் ஆஸ்பத்திரி கட்டிய அதே ஊரில் செய்த ஒரு ஆராய்ச்சி முடித்துவைத்தது. தாம்பரத்தில் உள்ளது மூடப்படவில்லை. அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி என்ற பெயரில், எழுநூற்றுக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு நடக்கிறது. 1993-லிருந்து எய்ட்ஸ் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. அந்த நாளில் வேறு இடங்களில் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பக்கத்திலேயே 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அத்தை புகுந்த ஆத்துக்குப் போகவே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தாள். பயிற்சிக்குப் போய், எங்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனாள். தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தாள். 2004-ல் அறுபத்தைந்தாவது வயதில் மாரடைப்பில் போனாள். நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிவரை அந்த நசுங்கின பித்தளை டம்ளரில்தான் காபி குடிப்பாள். பாட்டி போன பிறகும், ஆத்தில் எவர்சில்வர் வந்த பிறகும், அதைத் தானே தேய்த்துத் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். என் மனைவி எத்தனையோ தடவை எடுத்து மற்றப் பாத்திரங்களோடு கலந்து வைத்திருக்கிறாள். அத்தை மறுபடி பிரித்துவிடுவாள்.

1998-ல் சென்னையிலிருந்து திரும்பியதும் நான் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, 193 பேர், குலுக்கல், 86, 92, ஐந்து வருஷம் என்று எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, "ஆத்துலயே இருந்தவாளுக்குத் தனி டம்ளர் வெச்சிருந்தாளாடா?" என்றாள்.

"அது தேவையே இல்லை அத்தை, டம்ளர்ல ஒட்டாது" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டுக் கல்லைப் பொறுக்க ஆரம்பித்தாள்.